இது ஆற்றை காணி?

போருக்கென்று எடுத்த காணி போர் முடிந்த பிறகும் திரும்பி வராமல் போவது எனக்குப் புதிய செய்தி இல்லை. யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்த ஒருவரின் மகளுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அப்படி எடுத்த காணியில் பிறகு கோல்ஃப் விளையாடினார்கள் என்ற ஒன்று, நியூசிலாந்தின் ரக்லன் என்ற கடலோர ஊரில் இருந்து திரும்பியதிலிருந்து என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. முட்கம்பிக்கும் காவலரணுக்கும் பின்னால் கிடக்கும் காணியைப் பற்றி என்ன நினைப்பதென்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அதற்கான கோபம் கைவசம் இருக்கிறது. புல்லை ஒட்ட வெட்டி, கொடி நட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல மனிதர்கள் வந்து சிரித்துக் கதைத்துவிட்டுப் போகும் காணியைப் பற்றி எப்படி நினைப்பது? அந்த மண்ணுக்குப் பக்கத்தில்தான் நாங்களும் காம்பர் வானை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம்.

நாங்கள் போனது மகனுக்காக. ஒக்லாந்தில் வளர்கிற பிள்ளை, அலைச்சறுக்குப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்காத குறை. ரக்லனின் இடப்பக்க அலைகளைப் பற்றி அவன் சொல்லத் தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும். பாடசாலை விடுமுறைக்கு, உள்ளேயே படுத்துச் சமைக்கக்கூடிய ஒரு காம்பர் வானை வாடகைக்கு எடுத்தோம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவதா என்று இவர், என் கணவர், யோசித்தார். எண்பதைத் தொடுகிற மனிதர், வானுக்குள் படுத்து எழும்புவது கஷ்டம். அப்பாவிடம் கேட்டபோது ஒரேயொரு கேள்விதான் திருப்பிக் கேட்டார்: "கடல் கிட்டவோ?"

ஹமில்டனில் இருந்து மேற்கே 48 கிலோமீற்றர். கடைசிப் பாதி முழுக்க வளைவும் ஏற்றமும். தே ஊக்கு என்ற சிற்றூரைக் கடக்கும்போது மேட்டின் மேல் காற்றாலைகள் தெரியத் தொடங்கும். மொத்தம் 28, 2011-ல் இருந்து மின்சாரம் கொடுக்கின்றன. எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தன. அப்பா முன் கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்து பார்த்துவிட்டு, "தென்மேற்கு. சோளகம்" என்றார். திசை சரி. ஆனால் எங்கள் ஊரில் சோளகம் வெக்கையோடும் புழுதியோடும் வரும் காற்று. இங்கே அதே திசையிலிருந்து வருவது தென்துருவப் பக்கத்துக் குளிர். வானை விட்டு இறங்கியதும் அப்பாவுக்கு அந்த வித்தியாசம் எலும்பில் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை முறையிடவில்லை. மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

காம்பர் வானில் போகிறவர்களுக்கு இரவு எங்கே நிற்கலாம் என்பதுதான் பாதிப் பயணம். இந்த நாட்டில் அதற்கென்றே 2011-ல் ஒரு சட்டம் வந்தது. 2023-ல் அதை இறுக்கினார்கள். உள்ளூராட்சிக் காணியில் இரவு தங்குவதென்றால் பொதுவாக வானுக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருக்க வேண்டும், அதற்குச் சான்றிதழும் வேண்டும். எங்கள் வானில் இரண்டும் இருந்தன. ஆனாலும் அந்தக் காற்றில் கரையோரம் நிற்க எனக்கு மனமில்லை. ஊரிலிருந்து ஒரு நடைபாலம் கடந்தால் வரும் முகாம் திடலில் காசு கட்டி இடம் எடுத்தோம். இவர் வானின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்தினார். பக்கவாட்டில் நின்றவர்கள் அன்றிரவு எவ்வளவு ஆடியிருப்பார்கள் என்பது காலையில் அவர்கள் முகத்தில் தெரிந்தது.

அலையும் மலையும்

மறுநாள் விடிய மனு பே என்ற அலைச்சறுக்குக் கரைக்குப் போனோம். அங்கே மணலில் இறங்கிக் கடலுக்குள் போவதில்லை. உருண்ட கருங்கற்களின் மேல் கால் வைத்து, ஒரு அலை வந்து கல்லை மூடும் கணத்தில் பலகையோடு விழுந்து நீந்த வேண்டும். தெற்குக் கடலில் எங்கேயோ கிளம்பிய பெருக்கம் தென்மேற்கிலிருந்து வந்து கரியோயி மலையின் முனையைச் சுற்றி வளைகிறது. வளைகிற அலை ஒரே தடவையில் கவிழாது. ஒரு முனையில் உடையத் தொடங்கி, கரையோரமாகவே வெகுதூரம் உடைந்துகொண்டு போகும். அலையில் நிற்பவன் தன் இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டே போகலாம். எங்கள் கிழக்கிலங்கை அறுகம்பையும் இப்படி முனையைச் சுற்றி உடைகிற அலைதான், அங்கே அது வலப்பக்கம். தரையிலிருந்து கடலை நோக்கி, அதாவது தென்கிழக்கிலிருந்து, காற்று வீசினால் அலையின் முகத்தை அது தாங்கிப் பிடிக்கும் என்றும், அலை நிமிர்ந்து நின்று மெதுவாகக் கவிழும் என்றும் மகன் விளங்கப்படுத்தினான். அன்று அது இல்லை. தென்மேற்குதான். மலை கொஞ்சம் மறைத்தது, மீதி தண்ணீரைக் கிழித்தது.

அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்து அலைகளைப் பார்த்தார். பெரியவை எந்த இடைவெளியில் வருகின்றன, அவற்றுக்குப் பிறகு எவ்வளவு நேரம் தண்ணீர் அடங்குகிறது என்று கணக்கெடுத்தார். கட்டுமரத்தையும் வள்ளத்தையும் அலைக்குள்ளால் வெளியே கொண்டுபோன மனிதருக்கு அந்தக் கணக்குக் கையோடு வந்தது. "இப்ப இறங்கு" என்று அவர் கைகாட்டிய நேரத்தில் மகன் இறங்கினான், கல்லில் அடிபடாமல் வெளியே போனான். பலகையில் நின்று விளையாடுவதற்காகக் கடலுக்குள் போவதை அப்பா வீண்வேலை என்று நினைப்பார் என்றுதான் இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன். அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. மகன் ஓரலையில் எழும்பி நின்று நீளமாக வந்தபோது எழுந்தே நின்றுவிட்டார்.

கரியோயி 756 மீற்றர் உயரம், அணைந்துபோன எரிமலை. இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் கதையில் அது ஒரு பெண். கணவன் கரேவா அவளை விட்டுப் போய்க் கடலுக்குள் ஒரு தீவாகக் கிடக்கிறான். அவள் துயரத்தில் சாய்ந்தவள் சாய்ந்தபடியே. ஊரிலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் பெண்ணின் வடிவம் தெரியும். அடிவாரத்து ஙாருனுயி கடற்கரை மணல் கறுப்பு. தெற்கே தரனாக்கி எரிமலைப் பக்கத்திலிருந்து கடலோட்டம் அள்ளிக்கொண்டு வந்த இரும்புமணல் அது. வெயில் வந்தால் வெறுங்கால் வைக்க முடியாது. ஊருக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர் கிரிமியப் போரில் பிரித்தானியப் படையை நடத்திய ரக்லன் பிரபுவினுடையது. இந்தக் கரையை அவர் கண்ணால் கண்டவரில்லை. ஃபாயிங்கரோவா என்ற பழைய பெயரை இப்போது பலகைகளில் பார்க்கலாம், கடைக்காரரும் சொல்கிறார்கள்.

நடைபாலத்தில்

பின்னேரம் திடலுக்குத் திரும்பினோம். திடலை ஒட்டியே ஒரு சிறு விமான ஓடுபாதை. தார் இல்லை, புல்தான். ஓரத்தில் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை விறைத்துப்போய்க் கிடைமட்டமாக நின்றது. நான் அதைக் காற்றின் அளவு தெரிந்துகொள்ள மட்டுமே பார்த்தேன். அப்பா ஓடுபாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு திரும்பி, இரைச்சலுக்கு மேலால் என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, இது ஆற்றை காணி?"

நகரசபையுடையதாக இருக்கும் அப்பா என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் அது பதிலை ஏற்றுக்கொண்ட ஆட்டம் இல்லை. "எடுக்கேக்க ஆற்றையா இருந்தது?" என்றார்.

எந்த ஓடுபாதையைப் பார்த்தாலும் அவருக்கு வரக்கூடிய கேள்விதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை மயிலிட்டிக்குப் பக்கத்துப் பலாலியில் ஓடுபாதை போட்டபோது அவர் பிறந்திருக்கவில்லை. ஆனால் அந்த ஓடுபாதையைச் சுற்றித்தான் அவர் வாழ்க்கை முழுக்க நடந்தது. 1990 ஜூனில், போரில், எங்கள் பகுதியான வலிகாமம் வடக்கு முழுக்க எழும்பி ஓடியது. இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்துக் கோழிகளுக்குத் தீன் போட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் கதைப்பார்கள். ஓடுபாதையையும் துறைமுகத்தையும் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் வந்தது. மயிலிட்டித் துறையும் அதை ஒட்டிய ஒரு துண்டும் 2017 ஜூலையில் விடுபட்டன, 27 வருடங்களுக்குப் பிறகு. அப்பா போய்ப் பார்த்தார். வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கையே இல்லை. கிணற்றுக் கட்டை வைத்துத்தான் தன் வளவை அடையாளம் பிடித்தார். என் அத்தையின் வளவு அப்போதும் கம்பிக்கு உள்ளேதான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவைக் காணவில்லை. தேடிப் போனால் நடைபாலத்தில் நிற்கிறார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். பெடியள் கைப்பிடியில் ஏறி நின்று ஒவ்வொருவராகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் நடுவில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாவோரிக்காரரோடு அப்பா கதைத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் ஆங்கிலம் மீன், காற்று, தண்ணீர் மூன்றுக்கும் போதும். வாளிக்குள் இரண்டு கஹவாய் மீன்கள் கிடந்தன. செவுளைத் தூக்கிப் பார்த்து அப்பா மெச்சியிருக்கிறார் போல, மனிதர் சந்தோசமாக இருந்தார். என்னைக் கண்டதும் அப்பா, "கேள் பிள்ளை, அந்தக் காணியைப் பற்றிக் கேள்" என்றார்.

கேட்டேன். அவர் தூண்டிலைச் சுற்றி முடிக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கையால் ஓடுபாதையையும் அதற்கு அப்பாலும் ஒரு வளைவு காட்டி, 1941-ல் எடுத்தார்கள் என்றார். போர் விமானத்தளத்துக்கு. அங்கே குடும்பங்கள் இருந்தன, கூட்ட மண்டபம் இருந்தது, இடுகாடு இருந்தது என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் மொழிபெயர்க்கக் காத்திராமல், தானே சொன்னார்: "வீ, நைன்ரீன் நைன்ரி. எயார்போட்."

அந்த மனிதர் அப்பாவை அப்போதுதான் முழுதாகத் திரும்பிப் பார்த்தார். திரும்பக் கிடைத்ததா என்று கேட்டார். அப்பா தன் உள்ளங்கையை நடுவால் வெட்டிக் காட்டினார். பாதி. அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே தானும் உள்ளங்கையை நடுவால் வெட்டிக் காட்டினார். கோல்ஃப் மைதானம் வந்தது, ஓடுபாதை வரவில்லை. ஒரு மீனை வாளியிலிருந்து எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா மறுக்கவில்லை. கையில் மீனோடு, வேலி இருந்ததா, கிணறு இருந்ததா, இடுகாட்டுக்குப் போக விட்டார்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். நான் மொழிபெயர்த்துக் களைத்துப்போனேன்.

தே கோபுவா

அன்றிரவு காற்று வானைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்க, போர்வைக்குள் தொலைபேசியில் வாசித்தேன். அந்தக் காணியின் பெயர் தே கோபுவா. தைனுயி அஃபிரோ மக்களுடையது. போர் அந்தக் கரைக்கு வரவே இல்லை. போர் முடிந்த பிறகு காணியும் வரவில்லை. 1960-களின் முடிவில் 60 ஏக்கருக்கு மேற்பட்ட ஒரு துண்டு கோல்ஃப் கழகத்தின் கைக்குப் போனது. முன்னோரைப் புதைத்த இடமும் அதற்குள் அகப்பட்டது. 1925-ல் பிறந்த துவாயிவா ஈவா ரிக்கார்ட் என்ற பெண், காணி எடுக்கப்பட்டபோது பதின்ம வயதில் இருந்தவர், அதைத் திருப்பிக் கேட்கத் தொடங்கினார். 1975-ல் ஃபினா கூப்பர் தலைமையில் வடமுனையிலிருந்து வெலிங்டன் பாராளுமன்றம் வரை நடந்த காணி நடைபயணத்திலும் அவர் இருந்தார். 1978 பெப்ரவரி 12-ம் திகதி ஈவாவும் கூட நின்றவர்களும் கோல்ஃப் மைதானத்தின் ஒன்பதாவது குழியருகே கைதானார்கள். குற்றம், அத்துமீறி நுழைந்தது. அதே வருடம் மே 25-ல் ஒக்லாந்தின் பாஸ்டியன் பொயின்ற்றில், 506 நாட்களாகத் தங்கள் காணியில் குந்தியிருந்தவர்களில் 222 பேர் கைதாகிறார்கள். அந்த மேட்டுக்குக் கீழால் நான் எத்தனையோ தடவை கார் ஓட்டிப் போயிருக்கிறேன். 1980-களில் தே கோபுவாவின் கோல்ஃப் பகுதி திரும்பி வந்தது. கோல்ஃப் கழகம் வேறிடம் போனது. 1997-ல் ஈவா காலமாகும் முன்பே அங்கே தொழிற்பயிற்சியும் தோட்டமும் நடக்கத் தொடங்கியிருந்தன.

ஒன்பதாவது குழி என்பதில்தான் என் மனம் நிற்கிறது. விமானத்தளம் என்று எடுத்தபோது அரசாங்கம் ஒரு காரணம் சொன்னது. அது பொய்யோ மெய்யோ, காரணம் என்று ஒன்று இருந்ததால் அது முடிகிற நாளும் ஒன்று இருந்தது. போர் முடிந்துவிட்டது, இனித் தா என்று கேட்கலாம். கோல்ஃபுக்கு அப்படி முடிவுநாள் கிடையாது. அது நடந்துகொண்டே இருக்கும். அங்கே வருகிறவர் எவரும் எதையும் பறிக்கவில்லை. சந்தா கட்டுகிறார்கள், மரம் நடுகிறார்கள், ஓய்வுபெற்ற மனிதர்கள் மூச்சுவாங்க நடக்கிறார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனாலேயே காணிக்காரி அந்தப் புல்லில் கால் வைத்தால், அமைதியைக் குலைக்க வந்தவள் அவள் என்று ஆகிவிடுகிறது. காவலரணை எதிர்த்து நிற்கும்போது குறைந்தபட்சம் பார்க்கிறவனுக்கு யார் யாரென்று தெரியும். பிறருடைய ஓய்வுநாளை எதிர்த்து நிற்பதற்கு அதைவிடப் பெரிய துணிவு வேண்டும் என்றுதான் நான் இப்போது நம்புகிறேன். ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண் அதைச் செய்திருக்கிறார்.

இவரோடு இதைப் பற்றி வழியெல்லாம் கதைத்தேன். "நாங்கள் என்ன செய்யிறது, காசு கட்டித்தானே நிண்டனாங்கள்" என்றார். அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. ரக்லனுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஊர் மனிதர்கள் வருகிறவர்களை நன்றாகத்தான் பார்க்கிறார்கள், எங்களுக்கு மீனே தந்தார்கள். ஆனால் நாளைக்கு எங்கள் ஊர்க் கரையில் ஒரு விடுதி வந்து, வெளிநாட்டுப் பிள்ளைகள் வெயில் காய்ந்து, யாரோ ஒரு நல்ல குடும்பம் அத்தையின் வளவுக்குப் பக்கத்தில் வானை நிறுத்திச் சமைத்தால், அவர்கள் அந்த மண்ணைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பேனா இல்லையா? எதிர்பார்ப்பேன். அப்படியென்றால் போகிற இடத்தில் நானும் கேட்க வேண்டும். முகாம் திடலுக்குள் நுழைந்ததும் மின்சாரம் எங்கே செருகுவது, கழிவுத்தொட்டியை எங்கே வெறுமையாக்குவது என்று கேட்டவள் நான். அப்பா கேட்டது இன்னொன்று.

திருப்பிக் கொடுத்தலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கேட்டபோதுதான் அப்பாவுக்கு உண்மையான கோபம் வந்தது. 1981-ல் வந்த பொதுப்பணிச் சட்டத்தின் 40-ம் பிரிவு, எடுத்த காணி இனித் தேவையில்லை என்றால் முன்னைய சொந்தக்காரருக்கோ வாரிசுக்கோ அதைத் திரும்பக் கொடுக்க முன்வர வேண்டும் என்கிறது. விதிவிலக்குகள் உண்டு. வழமையான விலை, அன்றைய சந்தை விலை. அதாவது உன் காணியை நீ வாங்க வேண்டும், இடையில் அதன் விலை ஏறியதற்கும் சேர்த்து. "எடுக்கேக்க சந்தை விலை பாத்தவங்களோ?" என்றார் அப்பா. 60 ஏக்கரை எங்கள் ஊர் அளவில் 960 பரப்பு என்று மனக்கணக்காக மாற்றி, மயிலிட்டியில் ஒரு பரப்பு இப்போது என்ன போகிறது என்று பெருக்கத் தொடங்கினார். இந்தச் சட்டமாவது எழுத்தில் இருக்கிறதே, இலங்கையில் இப்படி ஒரு பிரிவைக் காட்டிக் கதவைத் தட்ட முடிந்தால் எவ்வளவு நல்லது என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டம் கொடுத்ததா, அந்த மனுசி புல்லில் போய் நின்றதால் கொடுத்ததா என்று கேட்டார். ஈவா ரிக்கார்ட் கைதானது அந்தச் சட்டத்துக்கு மூன்று வருடம் முந்தி என்பதைப் பார்க்கும்போது, அவர் பக்கம்தான் நியாயம் கூடுதல் என்று படுகிறது.

ஒக்லாந்துக்கு வந்த கிழமையே அப்பா மகனிடம் ஒரு பெரிய வரைதாள் கேட்டார். கிணற்றுக் கட்டை நடுவில் வைத்து, எங்கள் ஒழுங்கையை இரண்டு பக்கமும் வளவு வளவாகக் கீறுகிறார். எவருடைய வளவு, எத்தனை பரப்பு, எல்லையில் என்ன மரம், உறுதி யாரிடம் இருக்கிறது அல்லது எரிந்ததா என்று ஒவ்வொன்றிலும் எழுதுகிறார். தெரியாததை விட்டுவிட்டுத் தெல்லிப்பழையில் இருக்கும் அத்தைக்குத் தொலைபேசி எடுக்கிறார். அத்தை சொல்கிற எல்லை அப்பா கீறியதிலிருந்து இரண்டு பனை கிழக்கே தள்ளி நிற்கிறது. சனிக்கிழமை காலையில் அதைப் பற்றி இருவரும் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். வருகிற சனிக்கிழமை, அந்தப் பனைகளில் கள்ளுச் சீவியவரின் மகனையும் கனடாவிலிருந்து இணைப்பில் எடுப்பதாக இருக்கிறது.